உதைப்பவனுக்குக் கைதான் முக்கியம்: மகனை அமெரிக்க ஃபுட்பாலுக்கு அனுப்பிய அனுபவம்

2020 ஆகஸ்ட். மெல்பர்னில் நான்காம் கட்ட ஊரடங்கு. உடற்பயிற்சிக்கு என்று ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வெளியே போகலாம். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், கூட ஒரே ஒருவர். அந்த ஒருவர் நான். எங்கள் தெருமுனை ஓவல் மைதானத்தில், பனி ஈரம் காயாத புல்லில், காலை அகட்டிக் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே மகனைத் தலைகீழாகப் பார்த்தபடி, பந்தைப் பின்னால் எறிந்துகொண்டிருந்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோன ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு, முதுகுவலிக்கு நல்ல பயிற்சியா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விளக்கப் போனால் அந்த ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. "பையன் ஃபூட்டி நல்லா உதைக்கிறான், அமெரிக்காவுக்கு அனுப்பினா படிப்பு ஃப்ரீயாமே, உங்க பையன் போனானே" என்று கடந்த ஒரு வருடத்தில் மூன்று குடும்பங்கள் கேட்டுவிட்டன. ஃபூட்டி என்பது ஆஸ்திரேலியாவின் சொந்த ஃபுட்பால். போனில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிகிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணியின் பக்கம் தூரமாக உதைத்துவிடுவார்கள். அந்த உதைதான் பண்ட், உதைப்பவன் பண்டர். ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறை களத்துக்கு வருவான், மீதி நேரம் பெஞ்சில். நம் ஊர்க் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரைக் கெட்டிமேளத்துக்கு மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி. ஆனால் அந்த நாலைந்து முறையும் ஐம்பதாயிரம் பேர் அவனைத்தான் பார்ப்பார்கள்.

ஆஸ்திரேலிய விதி ஃபுட்பாலில், இங்கே ஃபூட்டி என்போமே அதில், தூரத்தில் நிற்கும் சகவீரனுக்குப் பந்து போவதே உதைத்துத்தான். குழந்தைகள் ஐந்தாறு வயதிலிருந்தே ஓடிக்கொண்டே, இரண்டு காலாலும் உதைத்து வளர்கிறார்கள். ஆகவே இங்கிருந்து அங்கே ஆள் போவது இன்று நேற்றுச் சங்கதி இல்லை. 1890-களிலேயே மெல்பர்னிலிருந்து போன பாட் ஓடே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக உதைத்து 'கங்காரு கிக்கர்' என்று பெயர் வாங்கினார். நவீன காலத்தில் பாதையைத் திறந்தவர் டேரன் பென்னட். வெஸ்ட் கோஸ்ட், மெல்பர்ன் அணிகளில் ஆடி முடித்து, 90-களின் நடுவில் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்குப் போய், ஃபூட்டியின் டிராப் பண்ட் என்ற உதையை அங்கே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம் ஜீலாங் அணியின் கேப்டனாக இருந்த பென் கிரஹாம் 2005-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். 700 கோலுக்கு மேல் அடித்த சாவ் ரோக்கா 2007-ல் ஃபிலடெல்ஃபியாவில் புதுமுகமாகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 33.

பென்னட்டும் அவருக்குப் பின்னால் போனவர்களும் இங்குள்ள உச்ச ஃபூட்டி லீகான ஏஎஃப்எல்-லில் ஆடி முடித்துவிட்டு, நேராக அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்-லுக்குப் போனவர்கள். அந்த வரிசையை மாற்றியவர் நேதன் சாப்மன். அவரும் முன்னாள் ஏஎஃப்எல் வீரர். 2007-ல் மெல்பர்னில் ப்ரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சி மையத்தைத் தொடங்கி, இளைஞர்களைக் கல்லூரி வழியாக அனுப்ப ஆரம்பித்தார். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த பண்டருக்கான ரே கை விருது 2013 முதல் 2017 வரை ஐந்து வருடமும் ஆஸ்திரேலியர்களுக்கே போனது. அதில் மிட்ச் விஷ்னவ்ஸ்கி பெர்த்தில் ஜன்னல் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவர். மைக்கேல் டிக்சன் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய கடைசி ஆட்டத்தில், பண்டராக இருந்துகொண்டே ஆட்டநாயகன் விருது வாங்கினார். ஊரடங்கில் ஃபூட்டி சீசனே ரத்தாகி வீட்டில் கிடந்த பதினெட்டு வயதுப் பையன் ராத்திரி முழுக்க இந்த வீடியோக்களைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒருநாள் காலை நான் இரவு ஷிஃப்ட் முடித்து வரும்போது வாசலில் நின்றான். "ப்பா, எனக்கு ஒரு ஸ்னாப்பர் வேணும்." குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே பந்தைப் பின்னால் பண்டருக்கு எறிபவன்தான் ஸ்னாப்பர்.

முதல் பாடம் கணக்குப் பாடம். என் மகன் ஷெரின் பந்தை, அதாவது ஃபூட்டிப் பந்தை, 55 மீட்டர் உதைப்பான். சுற்றுவட்டார கிளப்பில் அது பெரிய விஷயம், அவன் தலையிலும் அது கொஞ்சம் ஏறியிருந்தது. அமெரிக்காவில் பண்ட் தூரத்தை உதைக்கிற இடத்திலிருந்து அளப்பதில்லை, பந்து ஆட்டத்துக்கு வந்த கோட்டிலிருந்து அளப்பார்கள். பண்டர் நிற்பது அதற்குப் பதினைந்து யார்டு பின்னால். 55 மீட்டர் என்பது 60 யார்டு, பதினைந்தைக் கழித்தால் 45. அதாவது அவனுடைய ஆகச்சிறந்த உதை அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சி உதை. "எங்க பையன் 50 மீட்டர் அடிப்பான்" என்று பெற்றோர் சொல்லும்போது இந்தக் கழித்தலை முதலில் போட்டுக் காட்டுகிறேன்.

தூரம்கூட பரவாயில்லை, உயரம்தான் ஆளை வதைத்தது. ஃபூட்டியில் நல்ல உதை என்றால் தாழ்வாக, விரைப்பாக, சகவீரன் மார்புக்கு நேராகப் போக வேண்டும். பந்து காற்றில் அதிக நேரம் நின்றால் எதிரி வந்து பறித்துவிடுவான். அமெரிக்க ஃபுட்பாலில் அப்படியே தலைகீழ். பந்து மேலே நிற்கிற நேரத்தில்தான் நம் ஆட்கள் ஓடிப்போய் அதைப் பிடிப்பவனை வளைக்க வேண்டும். இதை ஹேங் டைம் என்பார்கள். 45 யார்டு உதைக்கு நாலரை விநாடி இருந்தால் நல்ல கோச் தலையசைப்பார். முதல் நாள் ஸ்டாப்வாட்ச்சில் என் மகனுக்கு வந்தது 3.4. 'வாட்ச் சரியில்லை' என்றான்.

தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 பிப்ரவரியில் என்எஃப்எல்-லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் உலகமே பார்த்தது. முன்பு செயின்ட் கில்டாவில் ஆடிய ஆரின் சிபோஸ், ஃபிலடெல்ஃபியாவுக்காக நாலாவது கால்பகுதியில் உதைத்த ஒரு பண்ட் தாழ்வாகப் போனது. கன்சாஸ் சிட்டியின் கடாரியஸ் டோனி அதை எடுத்து 65 யார்டு திருப்பி ஓடினார். சூப்பர் பவுல் வரலாற்றிலேயே நீளமான பண்ட் ரிட்டர்ன் அது. ஃபிலடெல்ஃபியா மூன்று புள்ளியில் தோற்றது. அதைப் பார்த்த அன்று, அப்போது அமெரிக்காவில் இருந்த மகன் போன் போட்டான். ஒன்றும் பேசவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு வைத்துவிட்டான்.

சரி, உயரம் எங்கிருந்து வரும்? கால் வலுவிலிருந்து என்றுதான் நாங்களும் நினைத்தோம். மூன்று மாதம் ஸ்குவாட், தொடைக்கு ரப்பர் பட்டை எல்லாம் ஓடியது. ஊரடங்கு தளர்ந்து ஒரு பயிற்சியாளரிடம் போனபோது (சாப்மனின் மையம் இல்லை, தனியாகச் சொல்லித்தரும் ஒருவர்), அவர் முதல் இரண்டு வாரம் பையனை உதைக்கவே விடவில்லை. பந்தைக் கையிலிருந்து விடச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு கையில் பந்தைத் தட்டையாக ஏந்தி, முனை லேசாக உள்ளே சாய்ந்திருக்க, இடுப்பு உயரத்தில் விட வேண்டும். விழும்போது சுழலக்கூடாது, கோணம் மாறக்கூடாது. மணிக்கட்டு ஒரு நூல் திரும்பினால் காலில் அது ஒரு அங்குலம், வானத்தில் பத்து யார்டு.

ஃபூட்டி பையன்கள் இங்கேதான் தடுக்குவார்கள். ஷெரின் பந்து கொஞ்சம் கனம், 450 கிராமுக்கு மேல், முனை மழுங்கியிருக்கும். டிராப் பண்டில் அதைச் செங்குத்தாகப் பிடித்து அடிமுனையில் உதைப்பார்கள். கை கொஞ்சம் தவறினாலும் அது மன்னித்துவிடும். அமெரிக்கப் பந்து 400 கிராம் சுமார், கூர்முனை, ஒரு பக்கம் தையல் நாடா. அதன் வயிற்றில் சரியாகக் கால் பட்டால்தான் திருகிக்கொண்டு ராக்கெட் மாதிரி ஏறும். தப்பினால் பக்கவாட்டில் ஓடி பார்வையாளர் காபியைக் கவிழ்க்கும். வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு முழ நீளத்துக்கு ஒட்டினோம். தினமும் ராத்திரி அந்தக் கோட்டின் மேல் முந்நூறு தடவை பந்தை விடுவான். தொப், தொப், தொப். என் மனைவி சீரியல் பார்ப்பதை நிறுத்தியது அந்த வருடம்தான். அந்தப் பயிற்சியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த இன்னொரு நன்மை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே நேரம் வேறு. ஃபூட்டியில் பத்து, பதினைந்து அடி ஓடிவந்து உதைக்கலாம். இங்கே இரண்டு எட்டு. ஸ்னாப்பரின் கையைவிட்டுப் பந்து கிளம்பியதிலிருந்து காலில் படும்வரை இரண்டு விநாடி சொச்சம், அதற்குமேல் போனால் எதிரி வந்து மேலே விழுவான். அந்த இரண்டு விநாடிக்குள் பந்தைப் பிடித்து, தையல் எங்கே என்று விரலால் தடவித் திருப்பி, கையில் அமைத்து, விட்டு, உதைக்க வேண்டும். தலையில் ஹெல்மெட் வேறு. அதன் முகக்கம்பி கீழ்ப்பார்வையை மறைக்கும். ஹெல்மெட் போட்டுப் பழகாமல் போகாதீர்கள். நாங்கள் விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் பழைய ஹெல்மெட் ஒன்றை இரவல் வாங்கினோம். போட்டுக்கொண்டு உதைத்த முதல் உதையில் பந்து காலிலேயே படவில்லை.

இனி பேப்பர் விஷயம். இதில்தான் நாங்கள் அதிகம் அடிபட்டோம், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் மகன் விசிஇ (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து 2020 பிப்ரவரியில் இங்கே பல்கலைக்கழகத்தில் முழுநேரமாகச் சேர்ந்திருந்தான். நம் ஆட்கள் செய்கிற நியாயமான காரியம். ஆனால் முதல் நிலைக் கல்லூரிகளுக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ வைத்திருந்த விதிப்படி ஒருவனுக்கு ஐந்து வருடக் கடிகாரம். அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். அந்தக் கடிகாரம் அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து ஓடாது, உலகத்தில் எந்தக் கல்லூரியிலும் முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஓடும். அவன் 2022 ஆகஸ்டில் அங்கே போய் இறங்கியபோது அதில் இரண்டரை வருடம் ஏற்கெனவே கரைந்திருந்தது. மூன்று சீசன்தான் பாக்கி. போதாததற்கு அவர்கள் கணக்கில் அவன் புது மாணவன் இல்லை, கல்லூரி மாறி வருகிறவன். அதற்குத் தனிப் படிவங்கள். பையனுக்கு இந்த ஆசை இருக்கிறது என்று தெரிந்தால், இங்கே முழுநேரமாகச் சேர்வதற்கு முன்னால் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். ஃபூட்டி ஆடியதில் பிரச்சினை இல்லை, அது வேறு விளையாட்டு. ஃப்ரீமேண்டில் அணியில் இருந்த மேக்ஸ் டஃபி அதற்கப்புறம் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2019-ல் ரே கை விருதே வாங்கினார்.

இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண். ஆமாம், ஒன்பதாம் வகுப்பு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 16 முக்கியப் பாடங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். ஒன்பதில் கணக்கைக் கோட்டைவிட்டால் பன்னிரண்டில் எத்தனை வாங்கினாலும் அது கூடவே வரும். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை 2023 ஜனவரியில் என்சிஏஏ தன் விதியிலிருந்து எடுத்துவிட்டது, ஆனால் சில கல்லூரிகள் தம் பங்குக்குக் கேட்கும்.

"ஃப்ரீயாமே" என்பதற்கு வருகிறேன். டிவியில் தெரிகிற பெரிய அணிகளில் அப்போது ஒரு அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், கொடுத்தால் முழுதாகத்தான் கொடுப்பார்கள். அதற்கு அடுத்த தட்டில் 63. அதை உடைத்துப் பலருக்குப் பாதி, கால் என்று பிரிக்கலாம். என் மகனுக்கு மத்திய மேற்குப் பகுதியில் அந்த அடுத்த தட்டுக் கல்லூரி ஒன்றில் பாதி கிடைத்தது. மீதிப் பாதி எங்கள் வீட்டுக் கடனில் ஏறியது. 2025-26 முதல் இந்த எண்ணிக்கை விதிகள் மாறிவிட்டதால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "முழுதா, பாதியா, எத்தனை வருடத்துக்கு, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டுமா" என்ற நான்கு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கோச் போனில் சொன்னதை நம்பி வீட்டில் பாயசம் வைத்தவர்கள் நாங்கள். அந்த கோச் இரண்டு வாரத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இடையில் ஒரு தரகரிடமும் மாட்டினோம். இருநூறு கோச்சுகளுக்கு வீடியோ அனுப்புகிறேன் என்று பணம் வாங்கினார். அனுப்பவும் செய்தார், பொய் சொல்லக்கூடாது. எல்லாருக்கும் ஒரே ஈமெயில், பின்னணியில் தடதடவென்று பாட்டு. இரண்டு பதில் வந்தது, இரண்டும் தானியங்கி. பிறகு மகனே ஒரு வீடியோ எடுத்தான். பின்னாலிருந்து ஒரே கேமரா, வெட்டு ஒட்டு இல்லாமல் அடுத்தடுத்து பத்து உதை, மூலையில் ஸ்டாப்வாட்ச். அதில் இரண்டு உதை கோணலாகப் போயிருந்தன. அதையும் எடுக்காமல் ட்விட்டரில் நேரடியாக அனுப்பினான். பதினோரு பேர் பதில் எழுதினார்கள். நல்ல உதையை எல்லாரும் அனுப்புகிறார்கள், கெட்ட உதை எவ்வளவு கெட்டதாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு ஆசை என்று ஒரு கோச் எழுதியிருந்தார்.

போன பிறகு அங்கே அவனுக்குக் கிடைத்த முதல் வேலை உதைப்பதே இல்லை. கோல்கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் அடிக்கும்போது பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்க ஒருவன் வேண்டும், பெரும்பாலும் பண்டர்தான் அதைச் செய்வான். ஃபூட்டியில் அப்படி ஒரு வேலையே கிடையாது, நாங்கள் ஒருநாள்கூட அதைப் பழகவில்லை. அவர்கள் ஊரில் சனி மதியம் ஒரு மணி ஆட்டம் என்றால் எங்களுக்கு ஞாயிறு அதிகாலை நான்கு. போர்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகன் முழங்காலிட்டு உட்கார்ந்தான். ஸ்னாப் வந்தது, பிடித்தான், நிறுத்தினான். தையல் உதைப்பவன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அது கோல்கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். பந்து இடப்பக்கம் நழுவி வெளியே போனது. திட்டு வாங்கியது உதைத்த பையன். என் மகன் அவனிடம் போய் ஏதோ சொல்வது தெரிந்தது. அந்த வாரம் ஹாஸ்டல் அறையில் ராத்திரி இருநூறு தடவை பந்தைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினானாம். தொப், தொப். கீழ்வீட்டுப் பையன்கள் குச்சியால் கூரையை இடித்தார்களாம்.

ஃபூட்டி கைகொடுத்த இடமும் உண்டு. என்எஃப்எல்-லில் பந்து உதைபடும் முன் இரண்டு ஓரத்து ஆட்கள் மட்டும்தான் எதிரணி பக்கம் ஓடலாம். கல்லூரி விதியில் எல்லாரும் ஓடலாம். அதனால் பண்டர் பந்தோடு வலப்பக்கம் ஓடி, நேரத்தை இழுத்து, ஓட்டத்திலேயே உதைப்பது அங்கே செல்லுபடியாகும். அமெரிக்கப் பையன்கள் திணறுகிற அந்த ஓட்ட உதை இவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. இரண்டாம் வருடம் மழையில் ஒரு ஆட்டம். ஸ்னாப் தரையில் புரண்டு முழங்காலுக்குக் கீழே வந்தது. ஒரு கையால் அள்ளி, வலப்பக்கம் ஓடி, சாய்ந்தபடி ஒரு டிராப் பண்ட். பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போய் விழுந்து, மேலே ஓடாமல் அங்கேயே எழும்பி நின்றது. எதிரணிக்கு அவர்கள் கோல் கோட்டிலிருந்து எட்டாவது யார்டில் பந்து. அன்று ராத்திரி போனில் சிரித்தான். "ப்பா, அப்படியே உன் ஸ்னாப் மாதிரியே வந்துச்சுப்பா."

பணத்தைப் பற்றி ஒரு விஷயம் விட்டுவிட்டேன். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவன் வளாகத்துக்குள், படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். விளம்பரத்துக்கு நின்றால் விசாவுக்கு ஆபத்து. உள்ளூர் பீட்சா கடை விளம்பரத்தில் அவனைத் தவிர உதைக்கிற ஆள், ஸ்னாப் எறிகிற ஆள் எல்லாரும் நின்றார்கள். இவன் வளாகத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கினான்.

2024 சீசனோடு கடிகாரம் முடிந்தது. என்எஃப்எல்-லிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. 32 அணி, ஒரு அணிக்கு ஒரு பண்டர், அதில் பலர் பத்து வருடம் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். அந்தக் கணக்கை அவன் போகும்போதே போட்டிருந்தான், நான்தான் போடாமல் இருந்தேன். 2025 மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

ஜூனில் பழைய கிளப்பில் ஒரு ஆள் குறைந்தது என்று கூப்பிட்டார்கள், பின்வரிசையில் நின்றான். எதிரணி கோலைத் தவறவிட்டது. பந்தை இவன்தான் கோல் வாயிலிலிருந்து வெளியே உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். கையில் ஏந்தினான், இரண்டு எட்டு வைத்தான், விட்டான். ஷெரின் பந்து திருகிக்கொண்டு மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது. கீழே நம் ஆள் ஒருவன், எதிரணி ஆள் ஒருவன், அப்புறம் மூன்று பேர், அப்புறம் ஏழு பேர் வந்து அண்ணாந்து நின்றார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற கோச் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கத்தினார், "எங்கடா போகுது அது?" எதிரணிக்காரன் எகிறிப் பிடித்து, நேரே கோல் அடித்தான்.

என் பக்கத்தில் நின்றவர் என் போனை எட்டிப் பார்த்தார். எப்போது அமுக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. 4.7.